வெள்ளிக் குடத்துத் தண்ணீர்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு மன்னருக்கு மழைக்காலம் வந்தாலே வயிறு கெட்டுவிடும். சபை நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய வயிறு கடகடவென்று உருளும். மந்திரிகள் உடனே கூரையைப் பார்ப்பார்கள். வெளியே இடி இடிப்பதாக வைத்துக்கொள்வார்கள். வெயில் காயும் நாளிலும் அப்படித்தான்.

மன்னர் ஆற்றுத் தண்ணீர் மட்டுமே குடிப்பார். அந்த ஆறு அவருக்குக் குலத்தாய். முடிசூட்டும்போது தலையில் ஊற்றியதும் அந்தத் தண்ணீரைத்தான். அதை வெள்ளிக் குடத்தில் மொண்டு, தெளியவைத்து, வெட்டிவேர் போட்டு, பட்டுத்துணியால் மூடிச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வைப்பவர் அகோரமூர்த்தி. அந்தப் பதவி பாட்டன் காலத்திலிருந்து அவர் குடும்பத்துக்கே உரியது. மன்னருக்கு வரும் சோற்றையும் குழம்பையும் ருசி பார்க்க ஆள் உண்டு. தண்ணீருக்குக் கிடையாது. மன்னரின் குடத்திலிருந்து இன்னொருவர் குடித்தால் அது எச்சில் என்பது அரண்மனை வழக்கம்.

அந்த வருஷம் ஆறு செங்காவி நிறத்தில் ஓடியது. மன்னர் சில நாள் படுக்கையில் கிடந்துவிட்டு, கன்னம் ஒட்டிப்போய்ச் சபைக்கு வந்தார். மந்திரிகள் மரியாதைக்காகத் தங்கள் வயிற்றையும் தடவிக்கொண்டார்கள். விகடகவி சாத்தப்பன் மட்டும் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"சாத்தப்பா, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறது. உனக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார் மன்னர்.

"இல்லை, அரசே. என் மனைவி உலகம்மை தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைத்து, அப்புறம் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றுகிறாள். நான் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் அந்தக் கைமேல் கரண்டி விழும்."

"அப்படியானால் என் குடத்துத் தண்ணீரையும் காய்ச்ச வேண்டும் என்கிறாயா?"

"நம் துறைக்குச் சற்று மேலேதான் யானைத்துறை இருக்கிறது, அரசே. யானைகள் அங்கே வந்து குளிப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார்.

அகோரமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னர் சாத்தப்பனோடு பேசிச் சிரிப்பதே அவருக்கு ஆகாது. போதாததற்கு, தண்ணீர் அடுப்பில் ஏறினால் அது சமையற்கட்டுக் காரியமாகிவிடும். பிறகு தமக்கு இங்கே என்ன வேலை? எழுந்து கைகூப்பினார்.

"மகாராஜா! குலத்தாயை அழுக்கு என்கிறான் இவன். தாயை அடுப்பில் ஏற்றச் சொல்கிறான். இது ராஜத்துரோகம்!"

மன்னரின் முகம் சிவந்தது. "சாத்தப்பா, குடத்தை எட்டிப் பார். அடி தெரிகிறது. இதில் அழுக்கு எங்கே? எனக்குக் காட்டு. காட்டாவிட்டால் இன்றே உன் மனைவியோடு நாட்டை விட்டுப் போய்விடு."

"ஒரு விண்ணப்பம், மகாராஜா" என்றார் அகோரமூர்த்தி. "இவன் மடியில் சேற்றை ஒளித்துக் கொண்டுவந்து போட்டுவிடுவான். குடத்தையோ தண்ணீரையோ இவன் தொடக் கூடாது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவும் கூடாது. இந்தச் சபையில் இருப்பதை வைத்தே காட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும். உச்சி மணி அடிப்பதற்குள் காட்ட வேண்டும்."

கூரையில் ஒழுகும் ஓடுகளை மாற்றச் சொல்லிக் காலையில்தான் உலகம்மை சாத்தப்பனை நச்சரித்திருந்தாள். இப்போது வீடே போகப் போகிறது. தலை குனிந்து நின்றவனின் கண்ணில், மந்திரிகளின் ஆசனங்களுக்கு அடியில் பளபளத்த பித்தளைக் கூஜாக்கள் பட்டன. மந்திரிகள் வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவது நெடுநாள் பழக்கம். செருப்பையும் குடையையும் போல அதையும் யாரும் கவனித்ததில்லை.

"அரசே, பயத்தில் தொண்டை ஒட்டிக்கொள்கிறது. உங்கள் குடத்தைத் தொட எனக்கு அனுமதி இல்லை. இங்கே யாரிடமாவது ஒரு வாய்த் தண்ணீர் கேட்டுக் குடிக்கலாமா?"

"குடித்துத் தொலை!"

சாத்தப்பன் பொக்கிஷ அதிகாரியின் கூஜாவை எடுத்து அண்ணாந்து குடித்தான். "ஆகா, சீரகம் மணக்கிறதே! போட்டுக் காய்ச்சியதோ?"

"மாமியார் கொடுத்தனுப்பினார். எனக்கொன்றும் தெரியாது" என்றார் பொக்கிஷ அதிகாரி.

அடுத்து தளபதியின் கூஜா. "தளபதியாரே, இது கரியும் மணலும் போட்ட பானையில் சொட்டுச்சொட்டாக வடித்ததல்லவா? இதோ ஒரு கரித்தூள் மிதக்கிறது!"

"வாயை மூடிக்கொண்டு குடி, அப்பா" என்று தளபதி பல்லைக் கடித்தார்.

இதற்குள் அகோரமூர்த்தி தம் கூஜாவைக் குதிகாலால் பின்னே தள்ளி, அங்கவஸ்திரத்தால் மூடிவிட்டார்.

"ஐயா, உங்களிடமும் ஒரு வாய்."

"காலியாகிவிட்டது."

"காலிக் கூஜாவா இந்தக் கனம் கனக்கிறது? அம்மாடி, சுடுகிறதே!" சாத்தப்பன் மூடியைத் திருகினான். ஆவி எழும்பி நேராக அகோரமூர்த்தியின் மூக்குக்குப் போயிற்று.

மன்னரின் வயிறு கடகடவென்று உருண்டது. இந்த முறை யாரும் கூரையைப் பார்க்கவில்லை.

"அரசே, உங்கள் தண்ணீரை நான் தொடவில்லை. இவர்களும் தொடுவதில்லை. அதில் இருக்கும் அழுக்கு இவர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை" என்றான் சாத்தப்பன்.

மன்னர் திரும்பினார். "அகோரமூர்த்தி, எச்சில் வழக்கத்தை இன்று விலக்கினேன். என் குடத்திலிருந்து ஒரு வாய் குடியும்."

"மகாராஜா... அடியேனுக்கு இன்று விரதம்."

"தண்ணீர்கூடக் கூடாதோ?"

"தண்ணீர்தான் கூடவே கூடாது, மகாராஜா."

"அப்படியானால் அந்தக் கூஜா யாருக்கு?"

அகோரமூர்த்தி அவசரமாக அங்கவஸ்திரத்தை எடுத்துக் கூஜாவை மறுபடியும் மூடினார். அதைப் பார்த்த மன்னருக்கு முதலில் மீசை துடித்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு அவர் சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். சிரித்த சிரிப்பில் வயிறு புரண்டுவிட்டது. சட்டென்று எழுந்தவர், அகோரமூர்த்தியின் கூஜாவைப் பறித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். தீர்ப்பு நடைபாதையிலிருந்து வந்தது.

"சாத்தப்பா! வெள்ளிக் குடம் உனக்கு! உன் வீட்டுக்கு ஏதாவது குறையிருந்தால் கேள், செய்து தருகிறேன்! நாளை முதல் உலகம்மை சொல்கிறபடி அரண்மனையில் தண்ணீர் காயட்டும்! அகோரமூர்த்தி அடுப்பு ஊதட்டும்!"

ஒரு கதவு படாரென்று சாத்தப்பட்டது. அதற்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

உச்சி மணி அடித்தது. அகோரமூர்த்தி வியர்த்துப்போய் உட்கார்ந்தார். உதட்டை நக்கிக்கொண்டு, கையை ஆசனத்துக்கு அடியில் விட்டுத் துழாவினார். கூஜா இல்லை.

சாத்தப்பன் வெள்ளிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"தாகமா, ஐயா? இது இப்போது என்னுடைய குடம். கூச்சப்படாமல் குடியுங்கள்."