கொதிக்காத வண்டி

சபையில் எல்லாரும் ஆன்மாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அறவாழி காரைப் பற்றிக் கேட்டார்.

"பழைய கார்ல ஹீட்டர் வரணும்னா என்னம்மா பண்ணணும்?"

சிலர் சிரித்தார்கள். தில்லையம்மா சிரிக்கவில்லை.

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் இருக்கிறது தில்லையம்மாவின் குடில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். கேட்பார்கள், பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், போவார்கள். தில்லையம்மாவுக்கு நாற்பது வயது தாண்டிக் கொஞ்சம். அறவாழி மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, மகளோடு மலையேறி வந்தவர். தன்னைவிட இருபது வயது இளையவரை அம்மா என்று கூப்பிட அவருக்குக் கூச்சம் இல்லை. அவரை ஐயா என்று கூப்பிட அம்மாவுக்கும் இல்லை.

"எதுக்கு ஐயா ஹீட்டர்?"

அறவாழி சொன்னார். மகள் பூங்கோதைக்கு ஊட்டி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மாதம் நிறையாமல் பிறந்தது. இத்தனை நாளும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், குளிர் மட்டும் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவோ தை மாதம். விடிந்தால் ஊட்டியில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினதுபோல் உறைபனி. மருமகன் கப்பலில் எங்கோ இருக்கிறார். கூட்டிவர வேண்டியது அறவாழிதான். கூட்டிவர வேண்டிய வண்டியிலோ ஹீட்டரைப் போட்டால் ஐஸ் காற்று வருகிறது.

ஹீட்டர் வேலை செய்கிற டாக்ஸி எத்தனையோ கிடக்கிறதே என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அறவாழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டாக்ஸிக்காரன் என் பேத்திக்காக ஓட்டுவானா, அடுத்த சவாரிக்காக ஓட்டுவானா?"

அதற்கு மேல் அங்கே யாரும் ஆன்மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு தில்லையம்மா காரில் போய் உட்கார்ந்தார். அறவாழி வண்டியைக் கிளப்பினார். சும்மா ஒரு சுற்று போய் வரலாம் என்றார் அம்மா. சர்ச் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வழி முழுக்க அம்மா ஹீட்டர் காற்று வரும் துவாரத்தில் உள்ளங்கையை வைத்திருந்தார். குடிலுக்குத் திரும்பியபோது அவருடைய விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

அறவாழிக்கு மனசு கேட்கவில்லை. தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கதவுகளுக்குப் புது ரப்பர் போட்டிருக்கிறார். மிதி கட்டைகளுக்கு அடியில் இருந்த ஓட்டைகளைத் துணி வைத்து அடைத்திருக்கிறார். வெளிக்காற்று உள்ளே வரும் வழியைப் பழைய கம்பளியால் திணித்து மூடியிருக்கிறார். ஹீட்டருக்குப் போகும் குழாய் புதுசு. ஹீட்டருக்குள் தண்ணீர் விட்டு அழுக்கு எடுத்தாயிற்று. ரேடியேட்டர் முன்னால் அட்டைகூடக் கட்டிப் பார்த்துவிட்டார்.

"அம்புட்டும் பண்ணிட்டேன்மா. இன்னும் எதைச் சேர்க்கிறதுன்னுதான் தெரியல."

தில்லையம்மா கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"சேர்த்ததையெல்லாம் சொல்லிட்டீங்க ஐயா. எதைக் கழட்டினீங்க?"

"நான் எதையும் கழட்டலையே."

 அறவாழி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். பிறகு, ஆம்பூர் ரோடு, என்றார்.

அது பல வருஷத்துக்கு முன்னால். வேலூர்ப் பக்கம் வேலை. சித்திரை வெயில். மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. ஆவி எழும்பியது. புளியமரம்கூட இல்லாத இடம். ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க முடியும். ஆறவே இல்லை. மனைவி பின் சீட்டில் படுத்தபடி, அவசரப்படாதீங்க, அவசரப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அந்த வாரம் அவள் போய்விட்டாள். தாமதத்தால் அல்ல, எப்படியும் அதுதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அறவாழி கேட்டுக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் ஒர்க்ஷாப்புக்குப் போய், இந்த வண்டி இனி ஜென்மத்துக்கும் கொதிக்கக் கூடாது என்று சொன்னார். அந்த ஊர் மெக்கானிக் எல்லாருக்கும் செய்வதையே இவருக்கும் செய்தான். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்தான். கீழே வெயில் ஊர்களில் அது பழக்கம்தான். அந்த வால்வுதான் எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைக்கும். அது இல்லையென்றால் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆறிக்கொண்டே இருக்கும்.

"அதுக்கப்புறம் வண்டி கொதிச்சதா?" தில்லையம்மா கேட்டார்.

"ஒரு தடவைகூட இல்லம்மா." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"சூடாவது ஆச்சா?"

அறவாழி ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

வால்வு விஷயத்தைப் பெள்ளனிடம் சொன்னீர்களா என்று அம்மா கேட்டார். பெள்ளன் கோத்தகிரி மார்க்கெட் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். அவர்தான் புதுக் குழாய் போட்டுக் கொடுத்தது. இல்லை, சொல்லவில்லை என்றார் அறவாழி. கழற்றினது நல்லதுக்குத்தானே என்று இருந்துவிட்டாராம்.

மறுநாள் பெள்ளன் வால்வு இருக்க வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சட்டைப் பட்டனையெல்லாம் பிச்சு எறிஞ்சிட்டு, குளுருது குளுருதுன்னு மேல ஸ்வெட்டரா போட்டிருக்கீங்களே சார்."

புது வால்வு போட்டார். தண்ணீர் மாற்றினார். எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள், சூடு காட்டும் முள் நடுவுக்கு வரும், அங்கேயே நிற்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். 

அதில் கடைசிச் சொல் மட்டும் அறவாழியிடம் எடுபடவில்லை.

அன்று சாயங்காலம் குடிலின் வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓட விட்டார். முள் அசைந்தது. இத்தனை வருஷமாக அடிக்கோட்டில் படுத்தே கிடந்த முள். அது எழுந்து ஏறுவதைப் பார்த்ததும் அவர் கை சாவிக்குப் போனது. பாதிகூட வரவில்லை, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஆவி இல்லை. மறுபடி கிளப்பினார். முள் ஏறியது. மறுபடி அணைத்தார். போனில் பெள்ளனைக் கூப்பிட்டு, ஏறுகிறதே என்றார். ஏறத்தானே சார் போட்டது என்றார் பெள்ளன். சூடு வந்தால்தான் வால்வு திறக்கும், நீங்கள்தான் சூடு வரவே விட மாட்டேன் என்கிறீர்களே என்று சலித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

தில்லையம்மா குடிலுக்குள்ளிருந்து வந்தார். மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"கிளப்புங்க."

கிளப்பினார்.

"ரெண்டு கையையும் இங்க வைங்க." ஹீட்டர் துவாரத்தைக் காட்டினார்.

"சாவி..."

"அது எங்கயும் போகாது. கை ரெண்டும் இங்க."

அறவாழி இரண்டு உள்ளங்கைகளையும் துவாரத்தில் வைத்தார். முள் ஏறியது. வலது கை ஒரு தடவை சாவிப் பக்கம் எழுந்தது.  அது தானாகத் திரும்பி வந்தது. முள் பாதியைத் தொட்டது. தொட்டுத் துளி தாண்டியது. அறவாழி கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. அது மந்திரம் இல்லை. அவசரப்படாதீங்க, அவசரப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முள் கொஞ்சம் பின்வாங்கி, நடுவில் நின்றது.

"வருதும்மா," என்றார் கண்ணைத் திறக்காமல். உள்ளங்கை சிவந்திருந்தது.

வியாழக்கிழமை அவர் அம்மாவையும் ஊட்டிக்கு அழைத்தார். நீங்கள் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்றார். அம்மா சால்வையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வெயில் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். அவர் வந்து பார்த்து முடிப்பதற்குள் வெயில் போய்விட்டது. வெளியே வந்தபோது மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. 

அறவாழி வண்டியை முன்னதாகவே ஓட விட்டு உள்ளே சூடேற்றி வைத்திருந்தார். குழந்தைக்கு ஒரு கம்பளி, அதன்மேல் ஒரு துண்டு, அதன்மேல் தன் குரங்குக் குல்லாய், அதன்மேல் தன் மனைவியின் பழைய சால்வை. மூக்கு மட்டும் தெரிந்தது.

"இது என்ன குழந்தையாப்பா, பார்சலா?" என்றாள் பூங்கோதை.

அவர் எல்லாக் கதவுகளையும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். கண்ணாடிகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

தொட்டபெட்டா ஏற்றம் வரை வண்டி நன்றாகவே போனது. உள்ளே வெதுவெதுப்பு. முள் நடுவில் நின்றது. அறவாழி ரோட்டைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தார். முள்ளை விட்டால் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் குழந்தையை. மூச்சு வருகிறதா என்று மகளிடம் கேட்டார். வருகிறது என்றாள். அடுத்த வளைவில் மறுபடி கேட்டார். நீங்கள் கேட்கிறபோதெல்லாம் எனக்கும் பயம் வருகிறது என்றாள் அவள்.

ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கியபோது முன்கண்ணாடி மங்கியது. முதலில் மூடுபனி என்று நினைத்தார். வைப்பரைப் போட்டார். போகவில்லை. அப்போதுதான் தெரிந்தது, பனி வெளியே இல்லை, உள்ளே. இண்டு இடுக்கு விடாமல் அடைத்த வண்டிக்குள் நாலு பேர் விட்ட மூச்சு கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது. ஒரு கையால் துணியை எடுத்துத் துடைத்தார். துடைத்த இடம் ஒரு தட்டளவு தெளிந்தது. தெளிந்தது உடனே மங்கியது. துடைத்தார். மங்கியது.

பின்சீட்டில் குழந்தை சிணுங்கத் தொடங்கியது. பூங்கோதை சால்வைக்குள் கை விட்டுப் பார்த்தாள். கழுத்தெல்லாம் வேர்த்திருக்கிறது அப்பா, மேலே இருக்கிறதை எடுத்து விடட்டுமா என்றாள். வேண்டாம், எடுக்காதே, குளிர் பிடித்துக்கொள்ளும் என்றார். சிணுங்கல் அழுகையானது. அவர் திரும்பிப் பார்த்தார்.

ஹாரன் சத்தம் காதுக்குள் வந்து விழுந்தது. மங்கலில் இரண்டு மஞ்சள் வெளிச்சம், பெரிதாகிக்கொண்டே. அறவாழி இடது பக்கம் ஒடித்தார். பஸ் ஒன்று, வண்டியின் பக்கக் கண்ணாடியை உரசுகிற நெருக்கத்தில், கடந்து போனது. போகிற போக்கில் டிரைவர் எதையோ சொல்லித் திட்டினார். திட்டும் சரியாகக் கேட்கவில்லை, எல்லாம் அடைத்திருந்ததால்.

வண்டி மண் விளிம்பில் நின்றது. அதற்கு அப்பால் ஒரு கல், கல்லுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. 

 குழந்தை மட்டும் அழுதுகொண்டிருந்தது.  அறவாழி நடு ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. துணியை எடுத்தார். மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. நிறுத்தவே மாட்டார்போல் இருந்தது.

"கொதிக்காமப் பாத்துக்கிட்டேன், குளிராமப் பாத்துக்கிட்டேன்," என்றார். அழுகிற குரல். "இன்னும் நான் எதைம்மா பாக்கணும்?"

தில்லையம்மா அவர் கையிலிருந்து துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கதவுக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்குங்க ஐயா. மூச்சு வெளிய போகட்டும்."

அறவாழியின் கை கண்ணாடிக் கைப்பிடியில் போய் நின்றது. திருப்பவில்லை.

"குளிர் உள்ள வந்துடும்மா."

"வரட்டும்," என்றார் தில்லையம்மா. "உள்ள சூடு இருக்கிறது பின்ன எதுக்கு?"