பயம் போகட்டும்

"வியாழக்கிழமை செமினாருக்கு மட்டும் வராம இருக்கட்டுமா மேடம்?"

கேட்டவள் ஜெபசெல்வி. இரண்டாம் வருஷ இயற்பியல் மாணவி. போன வாரம் பேச எழுந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ரெஜினா மேடம் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வராட்டி பயம் போயிருமா?"

"போயிரும் மேடம்."

"சரி."

அன்றைக்கு விடுதியில் செல்வி நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் ஆய்வக வாசலில் கால் நின்றுவிட்டது. திரும்பி வந்துவிட்டாள்.

பிறகு மெஸ். தட்டோடு நுழைந்தால் எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. போவதை விட்டாள்.

அறைத்தோழி பர்வீன் கொண்டுவந்து வைத்த சோறு காய்ந்து கிடந்தது. அம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

ஒரு மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். செல்வி போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"நான்தான் செல்வி." ரெஜினா மேடத்தின் குரல்.

வெகுநேரம் கழித்தே தாழ்ப்பாள் விலகியது.

மேடம் கட்டிலில் உட்கார்ந்தார். "இங்க பயம் இல்லையே?"

செல்வி போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"இங்கதான் மேடம் ரொம்ப. வெளிய யாராச்சும் நடந்தாக்கூட உயிரே போகுது. இனிமே நான் எங்க போய் ஒளிய?"

மேடம் ஆணியில் தொங்கிய துப்பட்டாவை எடுத்து நீட்டினார்.

"முகத்தக் கழுவிட்டு வா."

செமினார் அறை வாசலில் செல்வி தூணைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பயம் போகட்டும் மேடம். அப்புறம் உள்ள போறேன்."

"சரி."

மேடம் வராந்தாத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். செல்வியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளே ஒருத்தி முடித்தாள். கைதட்டல் கேட்டது. இன்னொருத்தி தொடங்கினாள்.

"போயிருச்சா?"

"இல்ல மேடம்."

செல்விக்கு உள்ளங்கை வேர்த்தது.

"இப்ப?"

"இல்ல."

மேடம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம்வரைகூட அப்படியே இருப்பார்போலத் தெரிந்தது.

செல்வி அவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"மேடம்... அது போகாதுபோல இருக்கே."

மேடம் கண்ணைத் திறக்கவில்லை.

செல்வி எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப நான் உள்ள போறேன் மேடம்" என்று சொல்லி, கதவைத் தள்ளினாள்.