குழாய்வழிப் போன கேள்வி

"தாயே, என்னிடம் இருந்த சொற்களெல்லாம் தீர்ந்துவிட்டன" என்றார் தணிகாசலம்.

மலைமேல் தம் குடில் வாசலில் துறவி நீலாயதாட்சி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வயதில் அவர் தணிகாசலத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் இளையவர். ஆயினும் அவரே இவருக்குக் குரு.

மலையைக் குடைந்து ஆற்றுநீரை மறுபுறம் கொண்டுபோகும் வேலை. அதற்குத் தணிகாசலம் மேஸ்திரி. ஆறு நாட்களுக்கு முன் சுரங்கத்தின் நடுப்பகுதி சரிந்தது. ஒன்பது பேர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் அவருடைய தம்பி செங்கோடன்.

இடிபாட்டின் ஊடே கைப்பருமனில் ஓர் இரும்புக் குழாயைச் செலுத்தியிருந்தார்கள். காற்றும் கஞ்சியும் அதன் வழியே போயின. தணிகாசலத்தின் குரலும் போயிற்று. இன்று மாலைக்குள் வந்துவிடுவோம் என்றார். வராதபோது நாளைக் காலை நிச்சயம் என்றார். குலதெய்வம் கைவிடாது என்றார்.

முதல் நாள் ஒன்பது பேரும் சரி என்றார்கள். நேற்று இரண்டு பேர். இன்று காலை இருமல் மட்டும் கேட்டது. கயிற்றில் கட்டி அனுப்பிய கஞ்சிப் புட்டி அப்படியே திரும்பி வந்தது.

"அவர்கள் மனம் தளர்ந்துவிட்டார்கள், தாயே. நம்பிக்கை ஊட்டும் ஒரு சொல்லைத் தாருங்கள். கொண்டுபோய்ச் சொல்கிறேன்."

நீலாயதாட்சி ஒரு கல்லை எடுத்து எறிந்தார்.

தோண்டும் வேலை எப்படி நடக்கிறது என்று மட்டும் விசாரித்தார். குழாய்க்கு மேற்கே துளையிட்டதாகவும், இயந்திரத்தின் அலகு இரண்டு முறை முறிந்துபோனதாகவும், இனி எந்தப் பக்கம் போவதென்று ஒருவருக்கும் புரியவில்லை என்றும் தணிகாசலம் சொன்னார்.

"சுரங்கத்துக்குள் நடக்கும்போது, முன்னால் நிற்பவரிடம் நீங்கள் ஏதோ கேட்பீர்களாமே?"

"'கல் என்ன சொல்லுது?' என்று கேட்போம். அவன் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்வான். கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டோம். அது எங்கள் வழக்கம்."

"இப்போது முன்னால் நிற்பவர்கள் யார்?"

தணிகாசலம் எழுந்தார். 

செருப்பை மறந்து மலையிறங்கினார்.

குழாயில் வாய்வைத்தார். தைரியம் எதுவும் சொல்லவில்லை.

"செங்கோடா, கல் என்ன சொல்லுது?"

வாயை எடுத்துக் காதை வைத்தார்.

பிறகு, யார் கேட்பது என்று ஒரு குரல் வந்தது. அண்ணன்தான் என்றார். ஆறு நாளாய்ச் சாமி கதை சொன்ன அதே அண்ணனா என்று இன்னொரு குரல் கேட்டது. உள்ளே யாரோ சிரித்தார்கள்.

தட்டும் ஓசை எழுந்தது. இங்கே, இல்லை அங்கே என்று ஒன்பது பேரும் சண்டை பிடித்தார்கள். வயதில் மூத்த சடையப்பன் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தாமே தட்டிப் பார்த்தார்.

கடைசியில் செங்கோடன் பேசினான். "கிழக்குப் பக்கம், இடுப்பு உயரத்துல பொலபொலன்னு இருக்கு. மேற்கே முழுப்பாறை. அதுல போய் முட்டிக்கிட்டிருக்கீங்களே, உங்களையெல்லாம் யாரு மேஸ்திரியாக்கினது?"

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாடா?"

"நீங்க எங்கண்ணே பேச விட்டீங்க?"

கஞ்சி அனுப்பச் சொன்னார்கள். குடித்துவிட்டு, உப்புப் போதவில்லை என்றார்கள்.

அதன் பின் முழத்துக்கு முழம் வெளியிலிருந்து கேள்வி போயிற்று. உள்ளிருந்து பதில் வந்தது. பதிலோடு வேலையும் வந்தது. அவர்களும் தங்கள் பக்கத்தில் மண்ணை வாரத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் உச்சிவேளையில் மண்ணிலிருந்து ஒரு கடப்பாரையின் நுனி வெளிப்பட்டது. அதைப் பிடித்திருந்த கை உள்ளே இருந்தது.

சுரங்க வாயிலுக்குச் சடையப்பன் முதலில் வந்தார். எட்டுப் பேர் வந்த பிறகும் தணிகாசலம் உட்காரவில்லை. ஒன்பதாவதாகச் செங்கோடன் வந்தான், வெயிலுக்குக் கண்களைத் துண்டால் மூடியபடி.

தணிகாசலம் அவனைக் கட்டிக்கொண்டார். எல்லாம் இறைவன் செயல் என்று தொடங்கி, இனி ஒரு குறையும் வராது என்று சொல்லிக்கொண்டே போனார்.

சேறு படிந்த உள்ளங்கை ஒன்று அவர் வாயைப் பொத்தியது.

"போதும்ண்ணே. ஏதாவது கேளுங்க."