பாரீஸ் பதக்கத்தின் காலி இடம்

உலகக் கண்காட்சிப் பதக்கங்கள் என்றால் ஜமீன்தார் ரத்தினகிரிக்கு உயிர். அவருடைய கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு வெல்வெட் குழிதான் காலி. அதற்குரிய பாரீஸ் பதக்கமோ தோட்டக்காரி அன்னக்கொடியின் பெண்குழந்தையின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பாரீஸ் கண்காட்சியில் பானை வனைந்து காட்டிய அன்னக்கொடியின் அப்பா கொண்டுவந்தது அது.

"அவிழ்த்துக் கொடு. இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை கிடையாது" என்றார் ஜமீன்தார்.

"எடுத்துக்குங்க எசமான். ஆனா எங்க வழக்கப்படி தாய்மாமன்தான் பிள்ளையை மடியில வச்சு அவிழ்க்கணும். எனக்குக் கூடப்பிறந்தவங்க இல்ல. நீங்களே மாமனா உக்காருங்க."

அந்த வழக்கத்தை அவள் அப்போதுதான் உண்டாக்கினாள். பதக்க ஆசையில் அவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியேறிய குழந்தை அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முடிச்சைத் தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அலமாரிக் குழி கடைசிவரை நிரம்பவில்லை. அதில் அவர் ஒரு சீட்டு எழுதி வைத்தார்: "பாரீஸ் பதக்கம் என் மருமகள் இடுப்பில் இருக்கிறது."