காதில் சொன்ன மருந்து

"ஆசானே, என் மருந்தில் பிழையில்லை. பிறகு ஏன் அவளுக்கு நாடி விட்டுவிட்டு அடிக்குது?"

மலையேறி வந்த மூச்சு அடங்குமுன் தாணுலிங்கம் கேட்டான். அவனும் ஐம்பது வயதான வைத்தியன்தான். வீட்டில் கிடப்பவள் அவன் மனைவி செண்பகவல்லி.

ஆசான் அரைப்பதை நிறுத்தவில்லை.

"என்ன கொடுத்தே?"

"நெஞ்சுக்குப் பலம் தர நீங்க என் காதில் சொன்னதுதான். அலரி வேர்."

"வாந்தி உண்டா?"

"மூணு நாளா. தளர்ச்சிதான்னு நினைச்சு அளவைக் கூட்டினேன். இப்போ வெள்ளைச் சுவரைக் காட்டி, ஏன் மஞ்சள் அடிச்சீங்கன்னு கேக்கிறா."

குழவி நின்றது.

"கண்ணுக்கு மஞ்சள் தெரிஞ்சா மருந்து மிஞ்சிப்போச்சு. அவ வேற யாரோட மருந்தையாவது குடிச்சாளா?"

தாணுலிங்கம் தலை குனிந்துகொண்டான்.

"அடுத்த தெரு கோலப்பன் கொடுத்த கஷாயத்தை. ஒரு மாசமா. இன்னைக்குக் காலையிலதான் ஒத்துக்கிட்டா."

கோலப்பனும் ஆசானின் சீடன்தான்.

"ஏன் ரெண்டையும் குடிச்சாளாம்?"

"கேட்டேன். 'உங்க மனசு நோகக் கூடாதுன்னு உங்க மருந்து, உசிரு பிழைக்கணும்னு அவரு மருந்து'ன்னா."

ஆசான் சிரிக்கவில்லை.

"கோலப்பன்கிட்டே கேட்டியா, அது என்ன மருந்துன்னு?"

"முதல்ல அங்கேதான் ஓடினேன். 'உன் மருந்தைச் சொல்லு, என்னுடையதைச் சொல்றேன்'னான். எப்படிச் சொல்ல? கற்பூரத்தை அணைச்சு உங்களுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேனே. அவனும் பண்ணியிருக்கான். ரெண்டு பேரும் வாசல்ல நின்னு ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துக்கிட்டிருந்தோம். பிறகு நான் மலையேறிட்டேன்."

"அவனுக்கு நான் சொன்னது நரிவெங்காயம்."

"அது என்ன செய்யும்?"

"அலரி செய்றதைத்தான். ரெண்டும் ஒரே மாட்டு மேலே விழுற சாட்டை. நீ அடிச்சே, அவனும் அடிச்சான். மாடு படுத்ததும் நீ ஓங்கி அடிச்சே."

தாணுலிங்கம் கல்லில் உட்கார்ந்துவிட்டான். வெயில் உச்சி தாண்டியிருந்தது.

"ரெண்டையும் நிறுத்து. ஓடு."

"இறங்கிப் போய்ச் சேர இருட்டிடுமே, ஆசானே. அதுவரைக்கும் இருப்பாளா?"

ஆசான் இறங்கும் பாதையைக் கைகாட்டினார்.

தாணுலிங்கம் எழுந்தான். நாலடி நடந்தவன் திரும்பினான். முப்பது வருடத்தில் ஆசானை நோக்கி அவன் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"நாங்க ரெண்டு பேரும் மருந்தைப் பத்திப் பேசிக்கக் கூடாதுன்னு எதுக்குச் சத்தியம் வாங்கினீங்க?"

ஆசான் அம்மியில் இருந்ததை வழித்து எறிந்தார்.

"பேசியிருந்தா நீங்க ரெண்டு பேரும் என்னைத் தேடி மலையேறி வந்திருப்பீங்களா?"