கட்டுவிரியன் வேஷம் போட்ட வெள்ளிக்கோல் வரையன்

காட்டோரக் குளத்தின் கரையில் பழைய பம்புசெட் ரூம் ஒன்று இருந்தது. மோட்டார் பழுதாகி வெகுநாள் ஆயிற்று. உள்ளே கிடந்த செங்கல் குவியலில் ஒரு வெள்ளிக்கோல் வரையன் பாம்பு குடியிருந்தது. பல்லி பிடித்துத் தின்னும் பாம்பு. பல் உண்டு, விஷம் ஒரு சொட்டுக் கிடையாது.

ஆனால் அதன் வாய் இருக்கிறதே, அப்பப்பா! கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை. சட்டென்று பார்த்தால் கட்டுவிரியன் மாதிரியே இருக்கும். அது போதாதா?

"நான் யார் தெரியுமா? கட்டுவிரியன்! ஒரு கடி, ஆள் காலி!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துவிட்டது.

மூலையில் குடியிருந்த செவலைக் கோழி அதைக் கண்டாலே மூச்சை அடக்கிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குளுகுளுவென்று இருந்த தேரை, இடத்தைக் கொடுத்துவிட்டு வெயிலில் போய் உட்கார்ந்தது. "அண்ணன் வர்றாரு, வழி விடுங்க!" என்று அணில்கள் ஒதுங்கின. வரையனுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு நாள் காலையில் செங்கல் குவியலுக்குள் ஏதோ நகர்ந்தது. வரையன் எட்டிப் பார்த்தது. அதே கறுப்பு, அதே வெள்ளைப் பட்டை. ஆனால் தன்னைப்போல் இரண்டு மடங்கு நீளம்!

"யா... யாரு?"

"கட்டுவிரியன். நிஜக் கட்டுவிரியன்," என்றது வந்த பாம்பு, தூக்கக் கலக்கத்தோடு. "என் பேரைச் சொல்லித்தான் பிழைப்பு நடத்துறியாமே தம்பி!"

"சும்மா... ஒரு தமாஷுக்கு..."

"பரவாயில்லை. பகல்ல எனக்குப் பசிக்காது, இருட்டட்டும். பாம்புக் கறின்னா எனக்கு உசுரு!"

வரையன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. விழுந்தடித்து வெளியே தலையை நீட்டியது. கட்டுவிரியனின் உடம்பும் கல் இடுக்கில் தெரிந்தது. மூலையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி பார்த்துவிட்டது.

"ஐயோ! ரெண்டு! ரெண்டு பாம்பு! நாளன்னைக்கு என் குஞ்சு பொரியப் போகுதே, யாராவது வாங்களேன்!"

அவ்வளவுதான். அணில்களும் தேரைகளும் கல்லும் கையுமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. வரையனுக்கு ஓடவும் வழியில்லை. ஒரு தேரை உடும்பை அழைத்துவரப் போனது. அந்த வட்டாரத்தில் எந்தக் கட்டடத்தில் பாம்பு புகுந்தாலும் உடும்புதான் வந்து பிடித்துக் காட்டில் விடும். அதன் கருவி ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். குழாயின் ஒரு முனையில் சாக்கு கட்டியிருக்கும்.

உடும்பு வந்ததும் ஒரு அதட்டல் போட்டது. "கல்லைக் கீழே போடுங்க! அடிக்கப் போறவன்தான் கடி வாங்குவான். எல்லாரும் அஞ்சு முழம் தள்ளி நில்லுங்க. சரி, இதுல கட்டுவிரியன் எது?"

கட்டுவிரியன் என்ன செய்தது தெரியுமா? உடம்பைச் சுருட்டித் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டது. குரலையும் பாவமாக மாற்றிக்கொண்டது. "ஐயா, நான் பல்லி தின்னுற ஏழைப் பாம்பு. அதோ, அவர்தான் கட்டுவிரியன். ஊரைக் கேளுங்க!"

"ஆமா! ஆமா! அவரே ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்காரே!" என்று கத்தியது கூட்டம்.

"நான் சொன்னது பூராவும் பொய்!" என்று அலறியது வரையன். "எனக்கு விஷமே இல்லை! வேணும்னா யாரையாவது கடிச்சுக் காட்டட்டுமா?"

கூட்டம் பத்தடி பின்னால் குதித்தது. "பாத்தீங்களா, மிரட்டுறாரு!" என்றது தேரை.

"எதுக்கு வம்பு? ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கொண்டுபோய் விட்டுருங்க!" என்றது கோழி.

"எனக்குச் சம்மதம்," என்றது சுருளுக்குள்ளிருந்து ஒரு குரல்.

வரையன் அழுதேவிட்டது. "ஒரே சாக்கா! ஐயா, என்னை முழுங்கிடுவான்! நான் பல்லிக்கே பயப்படுறவன்! போன மாசம் ஒரு பெரிய பல்லி என்னைத் துரத்துச்சு!"

"வாஸ்தவம்தான். துரத்துனது நான்தான்," என்றது சுவரிலிருந்த பல்லி.

அணில்கள் கொல்லென்று சிரித்தன. ஒரு வருஷ மரியாதை ஒரே நொடியில் கப்பலேறியது.

உடும்பு மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு பாம்பை ஒரே சாக்குல போடுற வழக்கம் என்கிட்ட இல்லை. பாம்பு சொல்றதையும் நம்ப மாட்டேன், ஊரு சொல்றதையும் நம்ப மாட்டேன். எங்கே, கழுத்தைக் காட்டு!"

வரையன் அவசர அவசரமாகக் கழுத்தை நீட்டியது. வெள்ளைப் பட்டை கழுத்திலேயே தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கியிருந்தது.

"நீ காட்டு!"

"தலைவலிங்க ஐயா," என்றது கட்டுவிரியன்.

உடும்பு வாதாடவில்லை. குழாயின் வாயை மெல்ல அதன் பக்கத்தில் தள்ளி வைத்தது. மறுபக்கம் நீளக் கம்பால் இரண்டு செங்கல்லை உருட்டிவிட்டது. வாசல் வழியாகச் சுள்ளென்று வெயில் விழுந்தது. வெளிச்சம் பொறுக்காத கட்டுவிரியன் இருட்டைத் தேடியது. குழாய் இருட்டாக இருந்தது. சுருள் பிரிந்து உள்ளே நழுவியது.

நழுவும்போது எல்லாரும் பார்த்தார்கள். கழுத்தில் பட்டையே இல்லை! ஒரு சாண் தூரம் வெறும் கறுப்பு. அதற்கப்புறம்தான் இரண்டிரண்டாக மெல்லிய வெள்ளைக் கோடுகள்.

"கட்டுவிரியனுக்குத்தான் கழுத்துல பட்டை இருக்காது. ஆள் இவன்தான்!" என்று உடும்பு சாக்கின் வாயை இறுக்கிக் கட்டியது. "யாரும் தொடாதீங்க, சாக்கு வழியாவும் கடிப்பான்." கம்பின் நுனியில் சாக்கைத் தொங்கவிட்டு, குளத்துக்கு அந்தப் பக்கப் பாறை இடுக்கில் கொண்டுபோய் விட்டது.

கட்டுவிரியனுக்குக் கோபமே இல்லை. "இங்கே பாம்பு கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டது.

சொன்ன நாளில் குஞ்சுகள் பொரிந்தன. தேரை தொட்டிக்கு அடியில் தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. வரையனோ, இப்போதெல்லாம் யார் வந்தாலும், ஒரு மைனா வந்தால்கூட, "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் கழுத்தை நீட்டிவிடுகிறது. "பட்டை இங்கேயே ஆரம்பிக்குது பாருங்க! நல்லாப் பாருங்க! இன்னும் கிட்ட வந்து பாருங்க!"

அடுத்தவன்மேல் ஊருக்கு இருக்கிற பயத்தைத் தனக்கென்று வாங்கிக்கொள்கிறவன், அவனுக்கு ஓங்கிய கல்லுக்கும் தன் தலையைத்தான் கொடுக்க வேண்டிவரும்.