உப்பில்லை என்றார் சாமி

எனக்குத் தீங்கு செய்தவர் திருமேனிச் சாமி. பெயரைச் சொல்லியே தொடங்குகிறேன். அவருடைய மடத்தில் பதின்மூன்று வருடம் சீடனாக இருந்து சமைத்தேன்.

மடத்துச் சமையலுக்கு ஒரு விதி உண்டு. படையலுக்கு முன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பு கைக்கணக்குதான். படைத்த பிறகு முதல் இலை சாமிக்கு. சமைத்தவன் எல்லோருக்கும் கடைசியில் சாப்பிடுவான்.

பந்தி உட்கார்ந்ததும் சாமி ரசத்தை ஒரு வாய் உறிஞ்சுவார். உப்பில்லை என்பார். என்னைக் காட்டி, சடையாண்டியும் அப்படித்தான், சப்பென்று இருப்பான் என்பார். பந்தி சிரிக்கும். நான் ஓடிப்போய் அண்டாவில் உப்பை அள்ளிப் போடுவேன். மறுநாள் அதே கைக்கணக்குக்கு, "கடல் தண்ணியைக் கொண்டுவந்துட்டான்" என்பார். வெந்நீரை ஊற்றுவேன். கடைசியில் என் இலைக்கு வரும்போது அது வாயில் வைக்க முடியாதபடி ஆகியிருக்கும். சாமி சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

எப்போதாவது தோளைத் தட்டி, நீ என் பிள்ளை என்பார். அதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டுவேன்.

ஒரு குருபூசையன்று இருநூறு பேர் முன்னால் உப்புக்காக என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். கேட்டுவிட்டு அப்படியே வெளியே நடந்தேன்.

மலையடியில் அழகம்மையின் சிறிய மடத்தில் சேர்ந்தேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். எல்லோரும் அம்மா என்றதால் நானும் அம்மா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். அங்கும் சமையல்தான். அவர் சாப்பிடும்போது ஒரு கையில் உப்புச் சிரட்டையும் மறு கையில் வெந்நீர்ச் சொம்புமாக எதிரே நிற்பேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அது இன்னும் பயமாக இருக்கும். எல்லோரும் எழுந்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிடி உப்பைப் போட்டுக்கொண்டுதான் நான் சாப்பிடுவேன்.

மூன்றாம் வாரம் சாமியின் ஆள் வீரணன் வந்தான். சாமி உடனே வரச்சொன்னார் என்றான். மூட்டையைக் கட்டினேன். வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது.

புதிதாக வந்த சமையல்காரன் தினமும் அழுகிறான் என்று வீரணன் பேச்சுவாக்கில் சொன்னான். சாமி பந்தியில் வைத்து அவனிடம் என்ன சொல்கிறார் என்பதையும் சாமியின் குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

"சடையாண்டி வச்ச ரசத்துல பதின்மூணு வருஷம் ஒருநாள் உப்பு தப்பினதில்லைடா."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து உள்ளே போனார். அன்றைக்குப் படையல் முடிந்திருந்தது. நான் மேற்கொண்டு உப்போ வெந்நீரோ சேர்க்காத ரசத்தை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். நான் வைத்த ரசத்தை நான் வைத்தபடியே குடித்தது அன்றுதான்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"தெரியும்."

"பின்னே ஏம்மா?"

"உப்பில்லைன்னு சொன்னதும் பந்தி எங்கே பார்க்கும்?"

"அவர் முகத்தை."

"நீங்க?"

"நானும்தான்."

"அவர் சாப்பிட்டது அந்தப் பார்வையைத்தான், அண்ணே."

வீரணன் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தான். நான் மூட்டையை எடுத்தேன். அங்கே தங்கப் போகவில்லை என்றேன். அந்த வார்த்தையை என் முகத்துக்கு நேராக ஒரே ஒருதரம் சாமி சொல்லட்டும், கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்றேன்.

"போயிட்டு வாங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. ரசத்துல உப்பு எப்படி?"

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"என் முகத்துல என்ன தேடுறீங்க? குடிச்சது நீங்க."

மூட்டையைக் கீழே வைத்தேன். வீரணன் தனியாகத்தான் பஸ் ஏறினான்.

திருமேனிச் சாமி அந்த வார்த்தையை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.